மரியாதைக்குச் சேர்த்த 'கள்'

நம் வயதுக்காரர்கள் யாராவது படிப்பீர்கள் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். நாம் பெற்ற பிள்ளைகள் படிக்கப்போவதில்லை. அவர்களுக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும், கண்ணில் பட்டால் புரியாது. என் மகனிடம் நீட்டினால், "அம்மா, வாய்ஸ் மெசேஜா அனுப்பிடேன்" என்பான்.

போன மாதம் டில்லியை ஒட்டிய குர்காவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஐ.டி.யிலும் பாங்கிலும் வேலை பார்க்கிற தமிழ்ப் பிள்ளைகள். வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள், காப்பி கொடுத்தார்கள். திரையில் தலைப்பைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள்: இரு பண்பாடுகளுக்கு நடுவே, அனுபவத்திலிருந்து கவிதை. நான் பேசி முடித்ததும் ஒரு பெண் மைக்கை வாங்கிக் கேட்டாள். "ஆன்ட்டி, ரெண்டு கல்ச்சருக்கு நடுவுல வளர்ந்தது உங்க கவிதைக்கு ப்ளஸ்ஸா, மைனஸா?"

ப்ளஸ் என்றேன். இரண்டு ஜன்னல் இருக்கிற வீட்டில் காற்று நன்றாக வரும் என்று ஏதோ சொல்லி வைத்தேன். கை தட்டினார்கள், சால்வை போர்த்தினார்கள். மெட்ரோவில் வீடு வந்து சேரும்வரை எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருந்தது. ஜன்னலாம், காற்றாம். இந்த வயதிலும் கேட்பவர்களுக்குப் பிடித்ததைச் சொல்கிற புத்தி போகவில்லை.

என் முதல் கவிதையில் ஒரே ஒரு சொல் தப்பு. அந்தத் தப்புக்குத்தான் முதல் பரிசு கொடுத்தார்கள். அந்தத் தப்பால்தான் என் அம்மா என்னைவிட்டு விலகிப்போனாள். இதை அந்தப் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தால், 'க்யூட்' என்று சிரித்திருப்பார்கள். சர்க்கார் குவார்ட்டர்ஸில், தெருவில் ஒரு பாஷையும் வீட்டில் ஒரு பாஷையுமாக வளர்ந்த உங்களுக்குத்தான் இப்படி ஒரு தப்பு எப்படி நடக்கும் என்று தெரியும்.

கிட்வாய் நகருக்கு இப்போது போனால் ஒன்றும் அடையாளம் தெரியாது. நம் குவார்ட்டர்ஸையெல்லாம் இடித்துக் கோபுரம் கோபுரமாகக் கட்டிவிட்டார்கள். எங்கள் வீடு இருந்த இடம் எது என்று காவலாளியைக் கேட்டால் அவன் என்னையே சந்தேகமாகப் பார்க்கிறான். ஆனால் அந்தக் குளிர்காலம் எனக்கு அப்படியே இருக்கிறது. காலையில் வாசலில் கரி அடுப்பைப் பற்றவைத்துப் புகை அடங்கும்வரை வெளியே விட்டுவைப்பார்கள். அங்கீட்டி என்போமே, அதுதான். அந்தப் புகையும் மூடுபனியும் கலந்து பத்தடிக்கு அப்பால் யார் வருகிறார்கள் என்றே தெரியாது. தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்துவிடும். அம்மா அதை அங்கீட்டி ஓரமாக வைத்து, ஓரம் மட்டும் உருகியதும் கையில் கவிழ்த்து, என் தலையில் அரக்கிப் பரபரவென்று தேய்ப்பாள். தேய்க்கும்போது பேசிக்கொண்டே இருப்பாள். ஊரில் யார் யாரோடு பேசுவதில்லை, யார் வீட்டு மாடு யார் வயலில் மேய்ந்தது எல்லாம் என் உச்சந்தலை வழியாகத்தான் எனக்குள் இறங்கின.

அம்மா திருநெல்வேலிப் பக்கம். அவளிடம் இருந்த ஹிந்தி மொத்தமே 'கித்னா', 'நஹி', 'ஜல்தி' மூன்றுதான். அந்த மூன்றை வைத்துக்கொண்டே காய்கறிக்காரனோடு முழுச் சண்டை போடுவாள், ஜெயித்தும் வருவாள். நான் நேர் எதிர். பள்ளிக்கூடம் ஹிந்தி, விளையாட்டு ஹிந்தி, பாதி நாள் சாப்பாடே பக்கத்து வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டியின் அடுப்பங்கரையில். தூக்கத்தில்கூட ஹிந்தியில்தான் உளறுவேனாம். அம்மாவிடம் பேசும்போது மனசுக்குள் வருகிற ஹிந்தியை ஒவ்வொரு சொல்லாகத் தமிழுக்கு மாற்றிக் கொடுப்பேன். அவசரத்தில் சில சொற்கள் மாறாமலே வந்து விழும்.

இங்கேதான் அந்த வில்லங்கம். ஹிந்தியில் 'ஹம்' ஒன்றுதான். நானும் நீயும் சேர்ந்தாலும் ஹம், உன்னை விட்டுவிட்டு நாங்கள் மட்டும் என்றாலும் ஹம். தமிழில் நாம, நாங்க என்று இரண்டு இருப்பதை நான் கேட்டிருக்கிறேன்தான். ஆனால் இரண்டும் எனக்கு ஒரே ஹம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா எனக்குத் தமிழ் எழுத்து சொல்லிக்கொடுப்பார். ஒருநாள் 'நீ', 'நீங்கள்' எழுதச் சொன்னார். "கள் போட்டா மரியாதைட்டி. சின்னவங்களுக்கு நீ, பெரியவங்களுக்கு நீங்கள். அவர், அவர்கள். தெரிஞ்சுதா?" தெரிந்தது. நான் கெட்டிக்காரி இல்லையா, மிச்சத்தை நானே கண்டுபிடித்துவிட்டேன். நீ, நீங்கள் ஆகிற மாதிரி நாம், நாங்கள் ஆகிறது. நாம் வீட்டுக்கு, நாங்கள் மரியாதைக்கு. ஹிந்தியில் 'தும்', 'ஆப்' இருக்கிற மாதிரி. இதை அப்பாவிடம் சரிதானா என்று கேட்கத் தோன்றவில்லை. அவ்வளவு தெளிவாக இருந்தது எனக்கு.

டிசம்பரில் ஒரு சாயங்காலம். அப்பா ரஜாய்ப் போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு வேர்க்கடலை உரித்துத் தம்பி வாயில் போட்டுக்கொண்டிருந்தார். தம்பிக்கு இன்னும் பள்ளிக்கூட வயசு ஆகவில்லை. அம்மா அங்கீட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஏட்டி, அப்பாவுக்கு அந்தமானுக்கு மாத்தலாயிருக்கு. உன் பரீட்சை முடியவும், மார்ச்சு கடைசில நாங்க போறோம்."

"கப்பல்லயாப்பா?"

"மெட்ராஸ் வரைக்கும் ரயிலு. அதுக்கப்புறம் கப்பலுதான்."

நான் ரஜாய் மேலேயே எழுந்து நின்று குதித்தேன். கடலை எல்லாம் சிதறியது. அப்பா என் முகத்தையே பார்த்தார்.

"நான் சொன்னது புரிஞ்சுதாட்டி?"

"புரிஞ்சுதுப்பா. நாங்க போறோம்!"

"ஆமா. நாங்க போறோம். அழ மாட்டேல்லா?"

"எதுக்கு அழணும்?"

அப்பா அம்மா பக்கம் திரும்பினார். "பாத்தியா. நீதான் வீணா பயந்துக்கிட்டிருந்தே. பெரிய மனுசியாக்கும் அவ." பிறகு என்னிடம், "மத்ததெல்லாம் அம்மா சொல்லுவா" என்றார். அம்மா அடுப்பில் கரி இருக்கும்போதே இன்னும் இரண்டு கரித்துண்டு எடுத்துப் போட்டாள்.

என்ன முடிவு செய்திருந்தார்கள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தமானில் நல்ல பள்ளிக்கூடம் இருக்காது என்று யாரோ அப்பாவிடம் சொல்லியிருந்தார்கள். அப்பாவின் அக்கா, என் அத்தை, கரோல் பாக்கில் ஒரு மாடிக்கு மேலே இருந்த பர்சாத்தியில் வாடகைக்கு இருந்தாள். ஒரு அறை, முன்னால் மொட்டைமாடி, அவ்வளவுதான் வீடு. அத்தைக்கும் மாமாவுக்கும் குழந்தை இல்லை. அங்கிருந்து புசா ரோட்டுத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகலாம். பிள்ளைக்குத் தமிழாவது உருப்படியாக வரட்டும், அத்தைக்கும் வீட்டில் ஒரு சத்தம் இருக்கட்டும். அப்பாவும் அம்மாவும் தம்பியும் போவது, நான் அத்தையோடு இருப்பது. ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை பர்சாத்திக்குள் பெரியவர்கள் உட்கார்ந்து இதைப் பேசி முடித்தபோது நான் வெளியே மொட்டைமாடியில் கயிறு தாண்டிக்கொண்டிருந்திருப்பேன்.

ஆக, அப்பா என்னிடம் சொல்லத்தான் செய்தார். தமிழ் தெரிந்த பிள்ளைக்கு அந்த ஒரு 'நாங்க' போதும். அவர் சொல்லிவிட்டார் என்று அம்மா நினைத்தாள். எனக்குப் புரிந்துவிட்டது என்று இருவரும் நினைத்தார்கள். நான் கடலை நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஸ்டாப்பூ, நம் ஊர்ப் பாண்டிதான், விளையாட நான் வைத்திருந்த சிவப்புப் பளிங்குச் சில்லை, யாருக்கும் தொடக்கூடக் கொடுக்காததை, பஞ்சாபி ஆன்ட்டியின் மகளுக்குக் கொடுத்துவிட்டேன். கப்பலில் கட்டம் போட்டு ஆட முடியாதே. அத்தை ஞாயிறுதோறும் வந்து என் தோளையும் இடுப்பையும் அளந்துகொண்டு போனாள். கப்பலுக்குப் போட்டுக்கொள்ளப் புதுச் சட்டை தைக்கிறாள் என்று நினைத்தேன். அவள் தைத்தது பள்ளிக்கூட யூனிஃபார்ம்.

ஒருநாள் அம்மா ரஜாய் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அங்க ரொம்ப குளிரா இருக்குமா?"

"அங்க ஏது குளிரு. வருசம் பூரா வெக்கதான்னு அப்பா சொல்லுதாவ."

"அச்சா! அப்போ ரஜாய் எல்லாம் யாருக்காவது குடுத்துடலாம்."

அம்மாவின் கை நின்றது. "ஏன்? உனக்குப் போத்திக்கிட வேண்டாமா?"

"எனக்கு எதுக்கும்மா?" என்று சிரித்தேன்.

அம்மா என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்றைக்கும் இருக்கிறது. விறைத்துக்கொண்டு பேசுகிறாள் பிள்ளை, ஒரு போர்வைகூட உங்களிடமிருந்து வேண்டாம் என்கிறாள் என்று அன்றைக்கு அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எல்லாம் அந்த நிமிஷமே வெளியே வந்திருக்கும்.

பொங்கலுக்குக் காலனித் தமிழர்கள் எல்லாரும் சேர்ந்து மைதானத்தில் ஷாமியானா போட்டு விழா நடத்துவார்கள். உங்களுக்கும் நினைவிருக்கும். பெரிய பித்தளைப் பானையில் பொங்கல், தரையில் விரித்த கோடு போட்ட தரி ஜமுக்காளம், மைக் செட்காரன் விடாமல் 'ஹலோ, செக்' என்று கத்துவது. அந்த வருஷம் குழந்தைகளுக்குக் கவிதைப் போட்டி வைத்தார்கள். தமிழில் சொந்தமாக எழுதி வாசிக்க வேண்டும். நம் காலனிக் குழந்தைகளுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று யோசிக்காத யாரோ வைத்த போட்டி.

நான் எழுதினேன். முதலில் எல்லா வரியிலும் 'நாம்' என்றுதான் போட்டேன். பிறகு மேடையில் வாசிக்கப் போகிறோமே, அதுவும் அம்மாவைக் கூப்பிட்டு எழுதியிருக்கிறோமே, மரியாதை இல்லாமல் இருக்கிறதே என்று தோன்றியது. ரப்பரால் அழித்துவிட்டு ஒவ்வொன்றாக 'நாங்கள்' என்று மாற்றினேன். கடைசி நேரம்வரை யாருக்கும் காட்டவில்லை. அம்மா சந்தோஷப்பட வேண்டும் என்று ஒளித்து வைத்திருந்தேன்.

*அம்மா,*
*நாங்கள் கப்பலில் போவோம்.*
*கடல் உன் நீலச் சேலை மாதிரி இருக்கும்.*
*நாங்கள் தம்பிக்கு மீன் காட்டுவோம்.*
*இந்த வீட்டில் குளிர் மட்டும் தனியாக இருக்கும்.*
*நாங்கள் திரும்பிப் பார்க்க மாட்டோம்.*

நீங்கள் தமிழ்க் காதோடு இதைப் படித்திருப்பீர்கள். அம்மாவைக் கூப்பிட்டு, நாங்கள் போகிறோம், நீ வராதே, நீ இந்தக் குளிரில் கிட, உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம் என்று ஒரு பெண் சொல்கிறாள். நான் எழுதியது அது இல்லை. நாம் எல்லாரும் போய்விடுவோம் அம்மா, இந்தப் பாழாய்ப்போன குளிர் இங்கே தனியாகக் கிடந்து விறைக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

மைக் என் உயரத்துக்கு எட்டவில்லை. யாரோ கீழே இறக்கினார்கள். வாசித்து முடித்ததும் நடுவராக இருந்தவர் எழுந்தார். அப்பாவின் ஆபீஸில் வேலை பார்த்தவர், தமிழில் வல்லவர் என்று காலனியில் பெயர். நான் டில்லியில் இருக்கப்போவது ஆபீஸ் வழியாக அவருக்குத் தெரிந்திருந்தது. மஃப்ளரால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தார்.

"இந்தப் பிள்ளை 'நாம்'னு எழுதியிருக்கலாம். எழுதலை. அம்மாவைக் கூப்பிட்டு, அம்மாகிட்டயே 'நாங்கள்'னு சொல்லுது. பெத்தவளை ஒரே சொல்லுல வெளியில நிறுத்திடுச்சு. பெரியவங்களுக்கே இது கைவராது. இதுதாங்க கவிதை!"

எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் நான் கவனமாக மாற்றிய அதே சொல்லை அவர் மைக்கில் பாராட்டுகிறார் என்று புரிந்தது. மரியாதை போட்டதைக் கண்டுபிடித்துவிட்டாரே என்று பூரித்துப்போய் நின்றேன். பெண்கள் பக்கம் எல்லாத் தலைகளும் அம்மாவை நோக்கித் திரும்பின. அம்மா மடியில் இருந்த தம்பியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "பிள்ள தூங்கிட்டான்" என்று யாரிடமோ சொல்லிவிட்டு ஷாமியானாவைவிட்டு வெளியே போனாள். தம்பி தூங்கவில்லை. அவள் தோளுக்கு மேலே என்னைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே போனான்.

பரிசு ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். அம்மா அடுப்பங்கரையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, ஃபர்ஸ்ட் ப்ரைஸ்! நல்லா இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. நீ சொல்ல வேண்டியத எல்லார் முன்னாலயும் சொல்லிட்டே." டிபன் பாக்ஸை வாங்கி மூடியைத் திறந்து பார்த்து, மறுபடி மூடி என்னிடமே கொடுத்தாள். "போ. போயித் தூங்கு."

அன்றோடு அம்மாவின் பேச்சு நின்றது. வேலை எதுவும் நிற்கவில்லை. அங்கீட்டி ஓரமாக எண்ணெய் உருகியது, அம்மா என் தலையில் தேய்த்தாள், பின்னினாள், ரிப்பன் கட்டினாள். ஊர்க்கதை மட்டும் வரவில்லை. ஒருநாள் அடுப்பங்கரையில் அப்பா சொன்னது காதில் விழுந்தது. "கோவம் இருக்கத்தான் செய்யும். போகப்போகச் சரியாயிரும்." அதற்கு அம்மா, "அவ மனசுல இருக்கதச் சொல்லிட்டா. இனிமே நான் என்னத்தச் சொல்ல" என்றாள். அத்தையோடு ஏதோ மனஸ்தாபம்போல என்று நினைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டேன். எனக்குத் தெரியாத விஷயத்தை எனக்குச் சொல்லியிருக்க வேண்டியவள் அவள் ஒருத்திதான். என் கவிதை அவள் வாயை அடைத்துவிட்டது.

மார்ச்சில் வீடு மூட்டையாயிற்று. ஹோல்டாலை விரித்து, மெத்தை தலையணை எல்லாம் உள்ளே வைத்து உருட்டித் தோல் வாரால் இறுக்கினார்கள். தகரப் பெட்டிமேல் அப்பா பெயரை வெள்ளைப் பெயிண்டால் எழுதினார்கள். என் துணிகள் தனியாக ஒரு பைக்குள் போயிருந்தன. அதை அத்தை தூக்கி வைத்திருந்தாள். உதவிக்குத் தூக்குகிறாள் என்றுதான் இருந்தேன்.

புது டில்லி ஸ்டேஷனில் என் வேலை சுராஹியைப் பிடித்துக்கொள்வது. ரயிலில் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கக் கொண்டுபோகும் நீண்ட கழுத்து மண்பானை, உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். அதை மார்போடு அணைத்துக்கொண்டு, அம்மாவுக்குப் பின்னாலேயே ஏறி, ஜன்னலோரமாகத் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தும்விட்டேன். தம்பிக்கு எஞ்சின் எந்தப் பக்கம் இருக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அப்பா பெட்டிகளை உள்ளே தள்ளிவிட்டு நிமிர்ந்தார்.

"சரிட்டி, எறங்கு. வண்டி எடுக்கப்போறான். அத்தை நிக்கா பாரு. சொன்னபடி கேட்டு நல்லாப் படிக்கணும். நாங்க போயிட்டு லெட்டர் போடுதோம்."

கீழே பிளாட்பாரத்தில் அத்தை என் பையோடு நின்று கையை நீட்டினாள். "ஜல்தி வா, ஜல்தி."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இலக்கணம் புரியவில்லை. நான் போகவில்லை என்பது புரிந்தது. எனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழும் அந்த இடத்தில் போய்விட்டது. ஹிந்தியும் வரவில்லை. சுராஹியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு இறங்கினேன். அழவில்லை. அழாமல் இருந்ததுதான் பெரிய கேடாகப் போயிற்று. அம்மா ஜன்னல் கம்பி வழியாகக் கையை வெளியே நீட்டினாள், என் தலையைத் தொட. நான் ஓரடி தள்ளி நின்றிருந்தேன். கால் நகரவில்லை. அந்தக் கை அங்கேயே கொஞ்சநேரம் இருந்துவிட்டு உள்ளே போயிற்று. வண்டி நகர்ந்ததும் அத்தை, "பாக்காத, பாத்தா அழுகை வரும்" என்று என் தோளைப் பிடித்து மறுபக்கம் திருப்பி நடத்திக்கொண்டு போனாள். நல்ல மனசோடுதான் செய்தாள். ஜன்னலிலிருந்து அம்மாவுக்குத் தெரிந்தது என் முதுகு மட்டும். திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று மைக்கில் சொன்ன பெண், சொன்னபடியே போகிறாள்.

புசா ரோட்டுப் பள்ளிக்கூடத்தில் முதல் கோடையின்போதே டீச்சர் அந்தப் பாடத்தை நடத்தினார்.

"கேக்கறவங்களையும் சேத்துச் சொன்னா நாம். அவங்கள விட்டுட்டுச் சொன்னா நாங்கள். 'நாங்கள் போகிறோம், நீ இரு'ன்னு சொல்லலாம். 'நாம் போகிறோம், நீ இரு'ன்னு சொல்ல முடியுமா?"

"முடியாது டீச்சர்!" என்று வகுப்பே சிரித்தது.

தண்ணீர் குடிக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன். குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். ரஜாய்க்குள் உட்கார்ந்து அப்பா சொன்ன வாக்கியம்தான் முதலில் ஞாபகம் வந்தது. அப்பா பொய் சொல்லவில்லை. என் கவிதை ஞாபகம் வந்தது சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போதுதான். நடுரோட்டில் நின்றுவிட்டேன். ஒரு சைக்கிள்காரன் திட்டிக்கொண்டு போனான்.

அந்தமானிலிருந்து அப்பாவின் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. எல்லாக் கடிதமும் 'நாங்கள் இங்கு நலம்' என்றுதான் ஆரம்பிக்கும். அந்த முதல் வரிக்கு மேல் படிக்க எனக்கு எப்போதும் கொஞ்சம் நேரமாகும்.

அடுத்த லீவில் என்னைக் கூட்டிப்போனார்கள். கப்பலில் போனேன். கடல் அம்மாவின் நீலச் சேலை மாதிரி இல்லை, கறுப்பாக இருந்தது. அங்கே வீட்டுக்கு மிக அருகில் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. காலையில் பிள்ளைகள் தமிழில் கத்திக்கொண்டு வாசல் வழியாகப் போனார்கள். நான் பார்ப்பதை அம்மா பார்த்தாள். "இப்பிடி ஒண்ணு இருக்கது அப்ப யாருக்கும் தெரியாதுட்டி" என்றாள். அன்று மத்தியானம் அப்பா உள்ளே கேட்டார், பேசாமல் இங்கேயே சேர்த்துவிடலாமா என்று. அம்மா சொன்னாள்: "அவளுக்கு இஷ்டம் இருக்காது. நம்மகூட இருக்க மாட்டேன்னு அவதான் அன்னைக்கே சொல்லிட்டாளே." வெளியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைக் கேட்டிருந்தால் இருந்திருப்பேன். யாரும் கேட்கவில்லை. லீவு முடிந்து திரும்பிவிட்டேன். பிறகு அவர்கள் மெட்ராஸுக்கு மாற்றலாகி அங்கேயே நிலைத்தார்கள். அதற்குள் நான் அத்தையின் பெண்ணாகிவிட்டிருந்தேன்.

தமிழை விடாமல் பிடித்துக்கொண்டேன். வீம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் இருந்துகொண்டே தமிழில் எழுதினேன், புத்தகங்கள் வந்தன. என் தொகுப்புகளில் தேடினால் 'நாங்கள்' ஓரிடத்திலும் கிடைக்காது. எல்லா இடத்திலும் 'நாம்'தான். ஒரு விமர்சகர் இதைக் கவனித்து, எல்லாரையும் அணைத்துக்கொள்ளும் மனசு என்று எழுதினார். படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

முதல் புத்தகம் வந்தபோது அதை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். அப்பா அப்போது உயிரோடு இல்லை. அடுப்படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஹம், மரியாதை, ரப்பரால் அழித்தது எல்லாம்.

"எனக்கு அப்ப நாம நாங்க வித்தியாசம் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது."

அம்மா புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "ஏட்டி, போ. தமிழ்ல புஸ்தகமே போட்டிருக்கே. உனக்கா தெரியாது?"

"அப்ப சின்னப் பிள்ளம்மா நான்."

"சின்னப் பிள்ளன்னாலும் வெவரமாத்தானே எழுதியிருந்தே. அந்த நடுவரு என்ன சும்மாவா சொன்னாரு? என் மனசு ஆறணும்னு இப்ப ஒரு கத சொல்லுதே." புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "நான் உன்மேல வருத்தமே படலட்டி. நீ எழுதுனது சரிதான். உன்ன விட்டுட்டுத்தான போனேன்."

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். நான் தமிழில் நன்றாக எழுத எழுத, எனக்குத் தமிழ் தெரியாமல் இருந்தது என்பதை அம்மா நம்புவது குறைந்துகொண்டே போயிற்று. ஒரு பரிசு கிடைக்கும்போதெல்லாம் அந்த வழக்கில் எனக்கு எதிராக இன்னொரு சாட்சி சேர்ந்தது. அந்தக் குர்காவ் பெண் கேட்டாளே, ப்ளஸ்ஸா மைனஸா என்று. அவளுக்கு இதை எப்படிச் சொல்வது?

கடைசி வருஷங்களில் அம்மா சென்னையில் தம்பி வீட்டில் இருந்தாள். ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தது. தம்பியை அப்பா என்று நினைத்துப் பேசுவாள். என்னைச் சிலநேரம் தெரியும், சிலநேரம் என் அத்தை என்று நினைத்துக்கொள்வாள். நான் அவளுக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்துவிடுவேன். அங்கே எண்ணெய் உறைவதில்லை. தேய்க்கும்போது நான்தான் பேசிக்கொண்டிருப்பேன், அவள் கண்ணை மூடிக் கேட்பாள். சிலநேரம் அந்தக் கவிதைக் கதையையும் சொல்வேன். யாரோ ஒரு பிள்ளையின் கதையைப்போல, "ஐயோ பாவம்" என்பாள்.

நான் கடைசியாகப் போனபோது என் கணவரும் வந்திருந்தார். ஊருக்குக் கிளம்புகிற அன்று பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, அவள் நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, நாங்க கெளம்பறோம்."

அம்மா முகம் மலர்ந்தது. நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல எழுந்தாள். புடவையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். "என் செருப்பு எங்கட்டி? பையெல்லாம் எடுத்தாச்சா?"

தம்பியின் மனைவி ஓடிவந்து அவள் தோளைப் பிடித்தாள். தம்பி, "அம்மா, அவங்க ரெண்டு பேரும்தான் போறாங்க. நீ இங்கதான் இருக்கே" என்றான். அம்மா அவனைப் பார்த்தாள், பிறகு வாசலில் இருந்த பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அழவில்லை. அதற்குள் ஒரு காலில் செருப்பு போட்டிருந்தாள். இன்னொன்று கையில் இருந்தது. நான் அவள் தலையைத் தொடக் கையை நீட்டினேன். அவள் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை.

கீழே டாக்ஸி ஹாரன் அடித்தது. நாங்கள் என்றுதான் சொன்னேன். இந்த முறை அந்தச் சொல்லில் தப்பே இல்லை. அம்மாவை விட்டுவிட்டுத்தான் போனோம்.